எல்கேஜி வகுப்புக்கு எதை வாங்கலாம்: டச் பேனலா, டேப்லெட்டா, தரை ரோபோவா, ஸ்பீக்கரா?

ஏப்ரல் பிறந்தால் நர்சரிப் பள்ளி நடத்துகிறவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி வரத் தொடங்கும். "பக்கத்துப் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸ் என்று பேனர் கட்டிவிட்டார்கள். அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் அதைத்தான் கேட்கிறார்கள். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது, எதை வாங்குவது?" ஆசிரியைகள் கேட்பது வேறு: "கரஸ்பாண்டெண்ட் வாங்கி மாட்டிவிட்டார். மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதில் ரைம்ஸ் போடுவதைத் தவிர வேறு என்ன செய்வது?"

இரண்டு கேள்விக்கும் சேர்த்தே இந்த ஒப்பீடு. மூன்றிலிருந்து ஐந்து வயது வரையிலான பிள்ளைகள், ஒரு வகுப்பில் இருபத்தைந்து பேர், ஓர் ஆசிரியை, ஓர் ஆயாம்மா. தமிழ்நாட்டு நர்சரி வகுப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்பதால் இதையே கணக்கில் வைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியை இருக்கும் பள்ளிக்குக் கணக்கு மாறும்.

## முதலில் அளவுகோல்

டெமோ காட்ட வருகிறவர் திரையின் அங்குலம், ரேம், எத்தனை விரல் தொட்டாலும் வேலை செய்யும் என்பதையெல்லாம் சொல்வார். அவை பொய் கிடையாது. ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பயன்படுமா என்பதை அவை சொல்லாது. நான் பார்ப்பது இவற்றை:

கை. ஒரு பிள்ளையின் கைக்கு அந்தப் பொருள் எவ்வளவு நேரம் கிடைக்கும்? இருபது நிமிடப் பாடவேளை, இருபத்தைந்து பிள்ளைகள், ஒரு திரை. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 48 நொடி. எழுந்து வருவது, திரும்பிப் போவது, நடுவில் நடக்கும் அழுகை எல்லாம் போக அரை நிமிடம் மிஞ்சினால் பெரிது. மீதி நேரம் பிள்ளை செய்வது காத்திருப்பதுதான்.

பேச்சு. அந்தக் கருவி வந்த பிறகு பிள்ளைகள் அதிகம் பேசுகிறார்களா, வாயடைத்துப் போகிறார்களா? எனக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் மேல். இந்த வயதில் மொழி வளர்வது எதிரே ஒருவர் இருந்து, இவர்கள் சொன்னதைக் கேட்டு, அதற்குப் பதில் சொல்லும்போதுதான். இரண்டரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நேரில் ஒருவரிடமிருந்து கற்கும் அளவுக்கு வீடியோவிலிருந்து கற்பதில்லை என்பது ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். வயது ஏற ஏற அந்த இடைவெளி குறையும். ஆனாலும் பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்ப்பதற்கும், பிள்ளையைத் திரை முன்னால் விட்டுவிட்டுப் போவதற்கும் வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும்.

ஆசிரியை. கருவி அவரை விடுவிக்கிறதா, கட்டிப்போடுகிறதா? பாஸ்வேர்டு, அப்டேட், கேபிள் என்று அவர் முதுகைக் காட்டி நின்றால் அந்த ஐந்து நிமிடத்தில் வகுப்பு கையை விட்டுப் போய்விடும்.

உடம்பு. கண், உயரம், பாதுகாப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. இந்தியக் கல்வி அமைச்சகம் 2020இல் ஆன்லைன் வகுப்புகளுக்காக வெளியிட்ட 'ப்ரக்யாதா' வழிகாட்டுதல் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு அரை மணி நேரம் என்று வரம்பு வைத்தது. பிள்ளை வீட்டிலும் போன் பார்க்கிறது என்பதை மறக்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் பள்ளிக்கு என்று ஒதுக்கப் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை.

மூன்று வருடச் செலவு. வாங்கும் விலை பாதிதான். மீதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஒவ்வொன்றிலும் சொல்கிறேன்.

## டச் பேனல்

தொட்டு இயக்கும் பெரிய திரை இது. 65 அங்குல இன்டராக்டிவ் பேனல் ஒன்று தோராயமாக ஒரு லட்சத்தை ஒட்டி ஆரம்பித்து, பிராண்டைப் பொறுத்து மேலே போகிறது. இப்போது பள்ளிகள் அதிகம் கேட்பது இதைத்தான். பெரியதாக, பளிச்சென்று இருக்கும், பெற்றோர் கண்ணிலும் படும். ஆசிரியைக்குப் படக்கதை காட்ட, மழை எப்படிப் பெய்கிறது, பட்டாம்பூச்சி எப்படிக் கூட்டைக் கிழித்து வருகிறது என்று காட்ட உண்மையிலேயே நல்ல கருவி. கடற்கரையே பார்க்காத பிள்ளைக்கு அலையைக் காட்டலாம். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சிக்கல் 'இன்டராக்டிவ்' என்ற பகுதியில்தான் வருகிறது. 65 அங்குலத் திரையின் உயரம் சுமார் 80 செ.மீ. பெரியவர் வசதிக்காகத் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு மாட்டுவார்கள். நான்கு வயதுப் பிள்ளையின் உயரமே ஏறக்குறைய ஒரு மீட்டர். கையைத் தூக்கினாலும் திரையின் கீழ்ப் பகுதிதான் எட்டும். 'சரியான படத்தைத் தொடு' என்னும் விளையாட்டில் படம் மேல் மூலையில் இருந்தால் பிள்ளை எகிறிக் குதிக்கும், இல்லையென்றால் மிஸ் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிள்ளைக்கு முழுத் திரையும் எட்ட வேண்டுமானால் தரையிலிருந்து 40, 45 செ.மீ. உயரத்தில் மாட்ட வேண்டும். சொல்லிவைக்காவிட்டால் மாட்ட வருகிறவர் அப்படி மாட்ட மாட்டார்.

இன்னொன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். பல பேனல்களில் தொடுதலை அறிவது திரைச் சட்டத்திலிருந்து பாயும் அகச்சிவப்புக் கதிர்கள். கதிரை எது மறைத்தாலும் அது தொடுதல்தான். எல்கேஜி பிள்ளை எழுத வரும்போது இடது உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக்கொண்டு, தொப்பையையும் சட்டத்தில் சாய்த்துக்கொண்டு, வலது விரலால் 'அ' போடும். திரை மூன்று இடத்தில் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். கோடு எங்கோ பாயும், பக்கம் மாறும். பிள்ளை தான்தான் எதையோ கெடுத்துவிட்டதாக நினைத்துக் கையை இழுத்துக்கொள்ளும். அப்புறம் கூப்பிட்டாலும் வராது. டெமோவில் இது நடக்காது, ஏனென்றால் டெமோ காட்டுகிறவர் ஒரே விரலால் தொடுகிறார்.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். மின்வெட்டும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் இருக்கும் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் ஓட்டக் கூடாது. வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) தனி. பாட உள்ளடக்கத்துக்குப் பிள்ளைக் கணக்கில் வருடச் சந்தா கேட்பார்கள். ஒரு பேச்சுக்குப் பிள்ளைக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் 25 பேருக்கு மூன்று வருடத்தில் 22,500 ரூபாய். 'பேனல் இலவசம், ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால் போதும்' என்று வருவதும் இதே சந்தா வேறு உருவில் வருவதுதான். அந்தப் பணம் கடைசியில் பெற்றோர் கட்டும் ஃபீஸில் ஏறும். ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் என்ன ஆகும் என்ற பத்தியைக் கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்.

சக்கரம் வைத்த ஸ்டாண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 65 அங்குலப் பேனல் நாற்பது கிலோவை ஒட்டி எடை இருக்கும். பிள்ளைகள் ஸ்டாண்டின் குறுக்குக் கம்பியில் ஏறுவார்கள், பிடித்துத் தள்ளுவார்கள். இரண்டு வகுப்புக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்ற வசதிக்காகச் சக்கர ஸ்டாண்ட் வாங்கவே வேண்டாம். சுவரில் மாட்டுங்கள், அதுவும் நல்ல செங்கல் சுவரில்.

பேனல் சரியாகப் பொருந்துவது, அதே வளாகத்தில் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகளும் இருந்து, அவர்களோடு பகிர்ந்துகொள்ளும் பள்ளிக்கு. எல்கேஜிக்கு மட்டும் என்றால், பாதி விலைக்கும் கீழே கிடைக்கும் 43 அங்குலச் சாதாரண டிவியும் ஆசிரியையின் போனும் சேர்ந்தே பேனலின் நல்ல பகுதியில் பெரும்பாலானதைச் செய்துவிடும். தொடுவது மட்டும்தான் நடக்காது. அந்த 48 நொடியை இழப்பதில் பிள்ளைக்குப் பெரிய நட்டம் இல்லை.

## டேப்லெட்

கைக்கு எட்டும், சொந்தமாகத் தொடலாம். ஒன்று பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று வைத்தால் ஆறு டேப்லெட் 72,000. அதற்கு மேல் ரப்பர் உறை, கண்ணாடிக் காப்பு, சார்ஜர்களுக்கு ஒரு பூட்டிய அலமாரி. ஆறு போதும், இருபத்தைந்து வேண்டாம். ஒரு மூலையில் ஒரு குழு அமர்ந்து, ஒரு டேப்லெட்டுக்கு இரண்டு பேராகப் பயன்படுத்தும்போதுதான் பிள்ளைகள் பேசுகிறார்கள். "நீ தொட்டே, இப்ப நான்", "அது யானை இல்லடா, பன்னி" என்று சண்டை போட்டாவது பேசுகிறார்கள். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைப் பார்த்து நிர்வாகம் மகிழும், நான் கவலைப்படுவேன்.

டேப்லெட்டின் தரம் ஆப்பின் தரம்தான். கேத்தி ஹிர்ஷ்-பசெக்கும் சக ஆராய்ச்சியாளர்களும் 2015இல் எழுதிய கட்டுரையில் ஆப்பைச் சோதிக்க நான்கு கேள்விகள் கொடுத்தார்கள்: பிள்ளையின் மூளை வேலை செய்கிறதா, கவனம் சிதறாமல் இருக்கிறதா, அதன் வாழ்க்கையோடு தொடர்பு இருக்கிறதா, இன்னொருவரோடு பேச வைக்கிறதா. கடையில் கிடைக்கும் 'கிட்ஸ் லேர்னிங்' ஆப்கள் பல இரண்டாவதிலேயே விழுந்துவிடும். ஒரு எழுத்தைத் தொட்டால் வெடி வெடிக்கும், நட்சத்திரம் கொட்டும், கரடி ஆடும். பிள்ளை மறுபடி தொடுவது கரடிக்காகத்தான், எழுத்துக்காக இல்லை.

எழுத்துப் பயிற்சி ஆப்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் விரும்பிக் கேட்பது இதுதான். தமிழ் எழுத்துக்குச் சுழியும் வளைவும் அதிகம். 'இ'யை எங்கே தொடங்கி, எந்தப் பக்கம் சுற்றி, எங்கே முடிப்பது என்பது கையில் படிய வேண்டும். பல ஆப்கள் புள்ளிகள் எல்லாம் நிறைந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கின்றன. விரலை மேலும் கீழுமாகத் தேய்த்தாலும் "சூப்பர்!" என்று கைதட்டல் வரும். பிள்ளைகள் இதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத, ஐந்து வயதையொட்டிய பிள்ளைகளிடம் எழுத்துகளைக் கையால் எழுதுவது, கோட்டின் மேல் வரைவது, தட்டச்சு செய்வது என்று மூன்று விதமாகப் பயிற்சி கொடுத்து, பிறகு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். வாசிப்போடு தொடர்புள்ள பகுதிகள் விழித்தது, தாங்களே கையால் எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான்.

மணல் தட்டும், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தும் இந்த வேலையைப் பல காலமாகச் செய்துவருகின்றன. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த நாளிலிருந்தே நம் ஊருக்கு உப்புத்தாள் எழுத்து தெரியும். அதைவிடப் பழையது விஜயதசமியன்று நெல்லிலோ அரிசியிலோ விரல் பிடித்து எழுத வைப்பது. எழுத்துக்காக டேப்லெட் வாங்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

பிறகு எதற்கு? வரைவதற்கு, போட்டோ எடுப்பதற்கு, குரல் பதிவு செய்வதற்கு. பிள்ளை தான் கட்டிய மரக்கட்டைக் கோபுரத்தைத் தானே படமெடுத்து, 'இது எங்க தாத்தா வீடு' என்று அதன் மேல் பேசிப் பதிவு செய்தால், டேப்லெட் அங்கே பிள்ளையின் கருவியாகிறது. இந்த வேலைக்கு இரண்டு டேப்லெட் போதும்.

ஓர் இடத்தில் டேப்லெட்டுக்கு மாற்றே கிடையாது. பேச்சு வராத பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், படத்தைத் தொட்டால் சொல்லாக ஒலிக்கும் ஆப்கள் அந்தப் பிள்ளைக்குக் குரல். சென்னையில் உருவான 'ஆவாஸ்' அப்படிப்பட்ட ஒன்று, தமிழிலும் உண்டு. பேச்சுப் பயிற்சியாளரைக் கலந்துகொண்டு, அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு டேப்லெட் வாங்கி, அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள். பட்ஜெட்டில் முதல் செலவு இதுவாகவே இருக்கட்டும். திரை நேரக் கணக்கை அந்தப் பிள்ளையின் பேச்சுக் கருவிக்குப் பொருத்தவும் வேண்டாம்.

மறைந்த செலவுகள்: இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி இறங்கிவிடும். மூக்கைத் துடைத்த கைகள் தொடுவதால் தினமும் துடைக்க வேண்டும். ஒரு ஆப்பிலிருந்து வெளியே போகாதபடி பூட்டும் வசதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது, அதை ஒவ்வொரு முறையும் யாராவது போட வேண்டும். இலவச ஆப் என்றால் விளம்பரம் வரும். பிள்ளையின் பெயரும் படமும் கேட்கும் ஆப் என்றால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஞாபகம் இருக்கட்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது அது. 'எல்லாரும் செய்கிறார்கள்' என்று விட்டுவிடாமல் பெற்றோரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

## தரை ரோபோ

நம் பள்ளிகளில் அதிகம் அறிமுகமாகாதது இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். இங்கிலாந்தில் உருவான 'பீ-பாட்' நல்ல உதாரணம்: தேனீ மாதிரி உருவம், முதுகில் ஏழு பட்டன்கள். முன்னால், பின்னால், இடம், வலம், நிறுத்தம், புறப்படு, அழி. திரை கிடையாது. ஒரு முறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும், திரும்பச் சொன்னால் 90 பாகை திரும்பும். அறுபதுகளின் கடைசியில் சீமோர் பாப்பர்ட்டும் நண்பர்களும் 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கி, பிள்ளைகள் கட்டளை கொடுத்து ஓட்டும் 'ஆமை' ரோபோவைத் தரையில் விட்டார்கள். அதே யோசனைதான் சின்னப் பிள்ளைக்கு ஏற்ற உருவில் வந்திருக்கிறது.

வகுப்பில் இது எப்படி நடக்கும்? சார்ட் பேப்பரில் 15 செ.மீ. கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டுங்கள்: தேங்காய், மாடு, பஸ், குடை. நான்கு பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும். "தேனீயை மாட்டுக்கிட்ட கூட்டிட்டுப் போங்க." மாடு இடது பக்கக் கட்டத்தில் இருக்கிறது. பிள்ளை இடது அம்பை அழுத்தும், தேனீ பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடும் என்று நினைக்கும். தேனீ நின்ற இடத்திலேயே திரும்பி, மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இங்கே ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். அப்புறம் ஒருத்தி எழுந்து தன் உடம்பையே திருப்பிப் பார்த்து, "திரும்பிட்டு அப்புறம் நடக்கணும்!" என்று கத்துவாள். திரும்புவது வேறு, நகர்வது வேறு என்று அந்தக் குழு அங்கே தானாகப் பிடித்துக்கொண்டது. மிஸ் எதையும் விளக்கவில்லை.

அடுத்த சிக்கலும் வரும். முந்தைய கட்டளையை அழிக்காமல் புதிதாக அழுத்தினால், பழையதையும் சேர்த்தே ஓடி, தேனீ கட்டங்களை விட்டு வெளியே போய்விடும். பிள்ளைகளுக்கு முதலில் கோபம் வரும். பிறகு ஒருவருக்கொருவர் "அழிச்சியா? அழிச்சியா?" என்று ஞாபகப்படுத்துவார்கள். தப்பு நடந்தது ஏன் என்று நான்கு வயதுப் பிள்ளைகள் கூடிப் பேசுவது வேறு எந்தக் கருவியிலும் இவ்வளவு எளிதாக வராது.

மொழிப் பிரச்சினையும் கிடையாது. ரோபோ ஆங்கிலமும் பேசாது, தமிழும் பேசாது. கட்டத்தில் நீங்கள் எழுதுவதுதான் பாடம். கண்ணுக்கு வேலை இல்லை, உடம்பு தரையில் தவழ்ந்துகொண்டே இருக்கும்.

குறை என்ன? விலை. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் என்பதால் ஒன்றுக்கே பல ஆயிரம் ஆகும். 25 பிள்ளைகளுக்கு ஒன்று போதாது, இரண்டாவது வேண்டும். மேலும் இது குழுவாகத்தான் நடக்கும். நான்கு பேர் ரோபோவோடு இருந்தால் மீதி இருபத்தொரு பேரை ஆயாம்மா பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் இல்லாத வகுப்பில் ரோபோ அலமாரியிலேயே இருந்துவிடும். மூன்று வயதுக்கு இது சீக்கிரம், நான்கரைக்கு மேல் சரியாகப் பிடித்துக்கொள்வார்கள். சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்காது, சக்கரம் மக்கர் செய்தால் விற்றவரிடமே அனுப்ப வேண்டும். அதனால் உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

வாங்கும் முன் இலவசமாகவே சோதித்துவிடலாம். பாண்டி ஆடுவதுபோலத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒரு பிள்ளையை ரோபோ ஆக்குங்கள். மற்றவர்கள் சொன்னால் மட்டும் அது நகரட்டும். இரண்டு வாரம் இது வகுப்பில் ஓடினால் ரோபோவுக்குப் பணம் போடலாம். ஓடவில்லையென்றால் பணம் மிச்சம்.

## ஸ்பீக்கரும் போனும்

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் ப்ளூடூத் ஸ்பீக்கர், ஆசிரியையிடம் ஏற்கெனவே இருக்கும் போன். இதைப் பட்டியலில் சேர்த்தால் சிலர் ஏமாற்றமாகப் பார்ப்பார்கள். பேனரில் போட இதில் ஒன்றும் இல்லைதான். ஆனால் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பிள்ளை பேசும் பேச்சை வைத்துப் பார்த்தால், இதற்குக் கிட்டே எதுவும் வராது.

மூன்று வேலைகள் சொல்கிறேன். ஒன்று, ஒலி விளையாட்டு: ஆசிரியை முந்தின நாள் போனில் பதிவு செய்த ஆட்டோ ஹாரன், குக்கர் விசில், காக்கா, கோயில் மணி. கேட்டுவிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். சொல்லின் ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் காதுக்கு இது முதல் படி. இரண்டு, பிள்ளையின் கதையைப் பதிவு செய்து வகுப்புக்குப் போட்டுக் காட்டுவது. தன் குரல் பெட்டியிலிருந்து வருவதைக் கேட்ட பிள்ளை அடுத்த நாள் இரண்டு மடங்கு பேசும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையை ஒரு மூலைக்குக் கூட்டிப் போய் மெதுவாகப் பதிவு செய்து பாருங்கள். மூன்று, வீட்டிலிருந்து வரும் கதை. ஒரு பிள்ளையின் பாட்டி வாட்ஸ்அப்பில் சொல்லி அனுப்பும் ஊர்க் கதையை வகுப்பில் போடலாம். நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் வகுப்புக்குள் வந்துவிடும்.

மறைந்த செலவு பணமில்லை, ஆசிரியையின் போன். பிள்ளைகளின் குரலும் படமும் அவருடைய சொந்த கேலரியில் சேரும். பள்ளிக்கென்று ஒரு பழைய போன் ஒதுக்கி, சிம் போடாமல், அதிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். ஸ்டேட்டஸில் போடக் கூடாது என்ற விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் வேண்டாம். எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும் மைக் பிள்ளைகள் இருக்கும் அறையில் எதற்கு?

பலவீனம் ஒன்றுதான்: எல்லாம் ஆசிரியையின் ஆர்வத்தையும் தயாரிப்பையும் பொறுத்தது. அது இல்லாத இடத்தில் ஸ்பீக்கர் காலை முதல் மாலை வரை ரைம்ஸ் ஓடும் பெட்டியாகிவிடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

விலைகள் தோராயமானவை. ஊருக்கும் பிராண்டுக்கும் தகுந்து மாறும், ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

| | டச் பேனல் | டேப்லெட் (6) | தரை ரோபோ (2) | ஸ்பீக்கர் + போன் |
|---|---|---|---|---|
| ஆரம்பச் செலவு | லட்சமும் அதற்கு மேலும் | 72,000 + உறை, அலமாரி | ஒவ்வொன்றும் பல ஆயிரம் | 2,000–3,000 |
| ஒரே நேரத்தில் கை வைப்பவர்கள் | 1 அல்லது 2 பேர் | 12 பேர் | 8 பேர் | எல்லாரும் கேட்கலாம் |
| பேச்சு | மிஸ் கேட்டால் உண்டு | இருவராக அமர்ந்தால் உண்டு | மிக அதிகம் | மிக அதிகம் |
| தமிழ் உள்ளடக்கம் | சந்தாவைப் பொறுத்தது | ஆப்பைப் பொறுத்தது | நீங்கள் எழுதுவதே | உங்கள் குரலே |
| திரை நேரம் | உண்டு | உண்டு, கண்ணுக்கு மிக அருகில் | இல்லை | இல்லை |
| ஒளிந்த செலவு | யூபிஎஸ், ஏஎம்சி, சந்தா | பேட்டரி, பூட்டுதல், துடைத்தல் | கூடுதல் ஆள், சர்வீஸ் | தயாரிப்பு நேரம் |
| ஏற்ற வயது | 4க்கு மேல் | 4க்கு மேல் | நாலரைக்கு மேல் | 3 முதல் |

## பட்டியலில் வராத இன்னொரு வழி

ஒன்றரை லட்சம் இருக்கிறது என்று ஆரம்பித்தோமே, அதில் ஓர் உதவி ஆசிரியையை வைக்கலாம். மாதம் 10,000 என்று வைத்தால் பத்து மாதத்துக்கு ஒரு லட்சம். ஓர் ஆசிரியைக்கு இருபத்தைந்து பிள்ளைகள் என்பது பன்னிரண்டு, பதின்மூன்றாக இறங்கிவிடும். ஒவ்வொரு பிள்ளையோடும் ஒருவர் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். மேலே சொன்ன எந்தக் கருவியும் அந்த நேரத்தைத் தராது. அது வருடா வருடம் வரும் செலவு என்பது உண்மைதான், பேனல் ஒரு முறை வாங்கினால் முடிந்தது என்பார்கள். சந்தாவையும் ஏஎம்சியையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வாதம் பாதிதான் நிற்கிறது.

ஸ்வீடனில் முன்பள்ளிகளில் டிஜிட்டல் கருவிகளைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று பாடத்திட்டம் சொன்னது. 2023இல் அந்நாட்டு அரசு அந்தக் கட்டாயத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. பணமும் ஆளும் பயிற்சியும் உள்ள நாடே நின்று யோசித்த இடத்தில் நாமும் யோசிப்பதில் தவறில்லை.

## யாருக்கு எது

கைவசம் இருபதாயிரத்துக்குள் என்றால்: ஸ்பீக்கர், பள்ளிக்கென்று ஒரு போன், மணல் தட்டுகள், மிச்சப் பணத்துக்குத் தமிழ்ப் படக்கதைப் புத்தகங்கள். வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

ஐம்பதாயிரம் வரை, ஓர் ஆயாம்மாவும் இருக்கிறார் என்றால்: மேலே சொன்னதோடு யுகேஜிக்கு மட்டும் ரோபோ. படம் காட்ட ஒரு சாதாரண டிவி.

ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள் உள்ள பள்ளி என்றால்: பேனலை ஒன்றாம் வகுப்புக்குப் பக்கத்து அறையில் தாழ்வாக மாட்டி, எல்கேஜி, யுகேஜிக்கு வாரத்தில் இரண்டு நாள், பதினைந்து நிமிடம். அதுவும் ஆசிரியை முன்பே தேர்ந்தெடுத்த ஒரே ஒரு விஷயத்துக்கு.

சிறப்புக் கவனம் வேண்டிய பிள்ளை இருந்தால், மற்ற எதையும் வாங்கும் முன் அந்தப் பிள்ளைக்கான டேப்லெட்.

அங்கன்வாடிப் பணியாளர்கள் நிலைமை வேறு. 'சக்ஷம் அங்கன்வாடி' திட்டத்தில் சில மையங்களுக்கு எல்இடி திரை அரசே தருகிறது. தேர்வு அவர்கள் கையில் இல்லை. அவர்களுக்கு என் ஆலோசனை: ஒரு சிறு படத்தைப் போட்டு நடுவில் மூன்று முறையாவது நிறுத்துங்கள். "இப்ப என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, பார்த்ததை நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெற்றோர் 'ஸ்மார்ட் கிளாஸ் இல்லையா?' என்று கேட்டால் என்ன சொல்வது என்று பலர் தயங்குகிறார்கள். தயக்கம் வேண்டாம், வாய்விளக்கமும் வேண்டாம். பதிவு செய்து வைத்த அவர்கள் வீட்டுப் பிள்ளையின் குரலை அனுப்புங்கள். ஜூனில் சொன்ன கதை ஒன்று, நவம்பரில் சொன்ன கதை ஒன்று. புதிதாகச் சேர வருகிறவர்களுக்குத் தரையில் ரோபோவையோ சாக்பீஸ் கட்டத்தையோ சுற்றி உட்கார்ந்திருக்கும் வகுப்பைப் பத்து நிமிடம் காட்டுங்கள்.

## டெமோ வருகிற நாளில்

எதை வாங்குவதாக இருந்தாலும் டெமோவை அலுவலக அறையில் பார்க்காதீர்கள். எல்கேஜி வகுப்பிலேயே, பிள்ளைகள் இருக்கும்போது நடத்தச் சொல்லுங்கள். விற்பவர் தள்ளி நிற்கட்டும், ஆசிரியை இயக்கட்டும். நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு எது ஓடுகிறது என்று பாருங்கள். தமிழ்ப் பகுதி எவ்வளவு, அதில் வரும் குரல் தமிழ் பேசுகிறவருடையதா, படங்களில் வருவது நம் பிள்ளைகள் பார்க்கும் மரமும் பழமும் வண்டியுமா என்று கேளுங்கள். இரண்டாம் வருடச் சந்தா எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மூன்று பிள்ளைகளை ஒரே நேரத்தில் தொட விட்டுப் பாருங்கள். ஒருவரை ஓரமாக உட்கார வைத்து, அந்த இருபது நிமிடத்தில் பிள்ளைகள் பேசிய வாக்கியங்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் மரக்கட்டைகளைக் கொட்டி விளையாட விட்டு அதையும் எண்ணுங்கள். கட்டைகளை வைத்து விளையாடும்போது பேசிய அளவுக்கு அந்தக் கருவியின் முன்னால் பேசவில்லையென்றால், காசோலையில் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.